மணலில் இறங்கிய கதிரை

நான் விழுந்தது ஒரு பெருநாள் காலையில். அதுவும் ஊர்ப் பெண்கள் எல்லாரும் புத்தாடையோடு வரிசை வரிசையாகத் தொழும்போது.

எங்களூரில் நோன்புப் பெருநாள் தொழுகை கடற்கரைத் திடலில் நடக்கும். முன்னால் ஆண்கள், பின்னால் நாங்கள், நடுவில் மறைப்பாக ஒரு நீலப் படங்கு. காற்றுக்குப் பறக்காமல் இருக்கப் பாய்களின் மூலைகளில் செருப்புகளை வைத்திருப்போம். நான் பாயில் நின்று தொழுது அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. என் முழங்கால் மடங்காது, மடங்கினால் நிமிராது. அதனால் வரிசையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டுக்கொள்வேன். மற்றவர்கள் சுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது நான் கதிரையில் இருந்தபடியே முன்னால் குனிவேன். இயலாதவர்களுக்கு மார்க்கம் தந்த சலுகை அது. எண்பது வயதானவர்கள் எடுத்துக்கொள்ளும் அந்தச் சலுகையை நான் நாற்பத்தாறு வயதில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சீமெந்துத் தரையில் நிற்கிற மாதிரிக் கதிரை மணலில் நிற்காது. முந்திய வருடம் மழை பெய்து மணல் இறுகிக் கிடந்தது. நானும் இன்னும் கொஞ்சம் மெலிவாக இருந்தேன். இந்த முறை தொழுகையின் முதல் சுற்றில், முதல் ரக்அத்தில், சுஜூதுக்காகக் குனிந்தபோது கதிரையின் இடது முன்கால் மெல்ல மணலுக்குள் இறங்கியது. கதிரை சாய்ந்தது, நானும் அதோடு சாய்ந்தேன். கண் திறந்து பார்த்தபோது என் தோள் மணலில் இருந்தது, ஒரு கால் கதிரைக்குள் சிக்கியிருந்தது.

ஒலிபெருக்கியில் தொழுகை நடந்துகொண்டே இருந்தது. நாலு பெண்கள் தங்கள் தொழுகையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். எதிர்வீட்டு ராத்தாதான் முதல் ஆள். அவர் என்னிலும் பத்து வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, ஆனால் இரும்புக் கை. நாலு பேரும் சேர்ந்தும் என்னைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. நிமிர்த்தி உட்காரத்தான் வைத்தார்கள். குத்பாப் பிரசங்கம் முடியும் வரைக்கும் கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, புது அபாயா முழுக்க மணலோடு, அப்படியே இருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்திருப்பேன். எல்லாரும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு பாய் சுருட்டினார்கள். எனக்கு வந்தது வலியல்ல, கோபம்.  நாலு பேருடைய பெருநாள் தொழுகையை என் உடம்பு முறித்துப்போட்டது. நெற்றி வைப்பதற்காக வந்த இடத்தில் தோளை வைத்துவிட்டுப் போகிறேன். அடுத்த நோன்புப் பெருநாளைக்கு இந்த மணலில் என் நெற்றி படவேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். ஆர்வக்கோளாறில் எடுத்த முடிவு அல்ல. கோபத்தில் எடுத்தது. அதனால்தான் நிலைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நான் மனைப்பொருளியல் ஆசிரியை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமநிலை உணவு என்று கரும்பலகையில் வட்டம் போட்டு, காய்கறிக்கு அரைவாசி, சோற்றுக்குக் கால்வாசி என்று பத்தாம் தரத்துப் பிள்ளைகளுக்குப் படித்துக்கொடுப்பவள். வட்டம் போடும்போது என் வயிறு பலகையில் உரசி, சோக்கட்டித் தூளில் அபாயா வெள்ளையாகும். பிள்ளைகள் பார்த்தும் பாராத மாதிரி இருப்பார்கள். நல்ல பிள்ளைகள்.

விழுவதற்கு முந்திய அந்த நோன்பு மாதத்தை நான் பெரிதாக நம்பியிருந்தேன். பகல் முழுக்கப் பட்டினி, முப்பது நாள். உடம்பு இறங்காமல் எங்கே போகும் என்று நினைத்தேன். நோன்பு தொடங்குவதற்கு முதல்நாள், மருந்து வாங்கும் பாமசித் தராசில் ஏறினேன். நூற்றாறு கிலோ. பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் அதே தராசில் ஏறினேன். நூற்றெட்டு. தராசு பழுது என்றேன். பாமசிக்காரர் தான் ஏறிப் பார்த்து, தன் நிறை சரியாகத்தான் காட்டுகிறது என்றார்.

எதிர்வீட்டு ராத்தாவிடம் சொன்னால், "கவலைப்படாதீங்க புள்ள, உங்கட உடம்பு வாகு அது" என்பார். ஊரில் மற்றவர்களுக்கு அவ்வளவு இரக்கம் கிடையாது. எல்லாரும் டொக்டர்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடி, கொள்ளு அவித்துக் குடி, வெறுவயிற்றில் எலுமிச்சையும் தேனும் குடி. யாரோ போனில் விற்ற ஒரு பச்சைத் தூளையும் வாங்கிக் குடித்தேன். இரண்டு வாரம் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்ததுதான் கண்ட பலன். கடைசியில் போக வேண்டிய இடத்துக்குப் போனேன்.

அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் என்னிலும் வயது குறைந்த ஒரு பெண் டொக்டர். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று. தராசில் ஏற்றினார், இடுப்பை நாடாவால் அளந்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார், முழங்காலைப் படம் பிடிக்கச் சொன்னார். எல்லாம் வந்த பிறகு என்னை இருக்கச் சொன்னார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். வாயைக் கட்டுங்கள் என்று சொல்லாத டொக்டரை நான் அதுவரை கண்டதில்லை.

"இது உங்கட ஒழுக்கக் குறை இல்ல டீச்சர்" என்றார். "பிரஷர், சீனி மாதிரி இதுவும் ஒரு வருத்தம். வருத்தத்துக்கு வைத்தியம் இருக்கு. உங்களுக்குச் சீனி வாசல்ல வந்து நிக்குது, இன்னும் உள்ளுக்கு வரல்ல. முழங்கால் தேஞ்சிருக்கு, ஆனா பழுதாகல்ல."

என்னென்ன வைத்தியம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். சாப்பாடும் நடையும் நித்திரையும்தான் அடித்தளம். மற்றது எதைச் செய்தாலும் இவை இல்லாமல் நடக்காது. அதற்கு மேல் சிலருக்கு மாத்திரை. சிலருக்கு வாரம் ஒருமுறை போடும் ஊசி. அது பசியை அடக்கும், சிலருக்கு ஓங்காளம் வரும், நிறுத்தினால் நிறை திரும்பவும் ஏறப் பார்க்கும். இன்னும் சிலருக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேஷன். அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும், வாழ்நாள் முழுக்கக் கவனமாக இருக்க வேண்டும். ஒன்றையும் பழிக்கவில்லை, ஒன்றையும் தூக்கிப் பிடிக்கவும் இல்லை.

வெளிநாட்டிலிருக்கும் என் அண்ணன் நினைவுக்கு வர, நான் உடனே ஊசியைப் பிடித்துக்கொண்டேன். "தோஹாவில எங்கட காக்கா இரிக்காரு டொக்டர். நாளைக்கே அனுப்புவாரு."

"பாசல்ல வாற ஊசி வேண்டாம். அது குளிர்ல வைக்கவேண்டிய மருந்து. ஒராள் கூட இருந்து பாக்கவும் வேணும்" என்றார். "ஊசியே வேண்டாமெண்டு நான் சொல்லல்ல. ஆறு மாசம் நான் சொல்ற மாதிரிச் செய்ங்க. அதுக்குப் பிறகும் தேவையெண்டா நானே எழுதித் தாறன். அதில வெக்கப்பட ஒண்டும் இல்ல. இப்ப சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்? எத்தனை கிலோ குறையணும்?"

முப்பது என்றோ நாற்பது என்றோ ஒரு கணக்குச் சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்கு நிலத்தில சுஜூது செய்யோணும்."

 அவர் என் கிளினிக் கொப்பியில் அதை அப்படியே தமிழில் எழுதினார். "நல்ல குறி. கிலோவை விட இது நல்லது" என்றார்.

நோன்பில் நிறை ஏறிய மர்மத்தை அவர்தான் துலக்கினார். நோன்பு திறந்ததும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். பேரீத்தம்பழமும் கஞ்சியும் என்றேன். வேறு? எதிர்வீட்டுச் சமோசா. வேறு? பக்கத்து வீட்டுக் கட்லட், பின்வீட்டுக் கடற்பாசி இனிப்பு, மூலைவீட்டு ரோல்ஸ். சொல்லச் சொல்ல என் காதுக்கே நாணமாக இருந்தது.

எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன், வீட்டுக்கு வீடு பீங்கான் போகும். செய்த பலகாரத்தில் ஒரு பங்கை வைத்து, மேலே ஒரு துணியால் மூடி அனுப்புவோம். வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது பெரிய குறை. அதனால் நாமும் ஏதாவது பொரித்து வைத்து அனுப்புவோம். ஐந்து வீட்டிலிருந்து பீங்கான் வந்தால் ஐந்து வீட்டுக்கும் போக வேண்டும். வந்ததைத் தொடாமல் விட்டாலும் குறைதான், நாளைக்கு "எப்பிடி இருந்திச்சி?" என்று கேட்பார்கள். ஆகவே எல்லாவற்றிலும் ருசி பார்ப்பேன். விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்குச் சோறும் எருமைத்தயிரும் வாழைப்பழமும் சீனியும். பகலில் பட்டினி கிடந்தது உண்மை. இரவில் ஐந்து வீட்டுச் சாப்பாட்டை ஒருத்தி சாப்பிட்டதும் உண்மை. கரும்பலகையில் வட்டம் போடுகிறவளுக்கு இது தெரியாமல் போனது.

டொக்டர் சிரிக்கவில்லை. "பீங்கானை நிப்பாட்ட ஏலாது, விளங்குது" என்றார். "ஆனா வந்ததெல்லாத்தையும் நீங்க ஒரு சின்னப் பீங்கானுக்குள்ள அடக்கலாம். அதுக்கு மேல இல்ல." இரவில் போட ஒரு மாத்திரை தந்தார். உடற்பயிற்சிப் பிரிவுக்கும் எழுதினார்.

அங்கே இருந்தவர் கட்டுமஸ்தான நடுவயதுப் பெண். அவர் என்னை நடக்கச் சொல்லவில்லை. உட்கார்ந்து எழும்பச் சொன்னார். கையை ஊன்றாமல், கதிரையிலிருந்து, பத்துத் தரம். மூன்றாவது தரத்திலேயே எனக்குக் கண் இருட்டியது. "கதிரை ஏலுமெண்டா கட்டில் விளிம்பு. அது ஏலுமெண்டா அதையும் விடப் பதிவான ஒண்டு. பதிச்சுப் பதிச்சு நிலத்துக்கு வரணும்" என்றார். என் வீட்டில் கட்டிலை விடத் தாழ்ந்து பதிவாக இருந்தது தேங்காய் துருவும் துருவலைப் பலகைதான். என் பாதை அப்படி வகுக்கப்பட்டது: கதிரை, கட்டில், துருவலை, நிலம்.

விடிகாலையில் சுபஹ் தொழுததும் கடற்கரை வீதியில் நடக்கத் தொடங்கினேன். முதல் நாள் என் வீட்டுக்காரர் தனியாக விட மனமில்லாமல் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஊர்ந்து வந்தார். பார்த்தவர்களெல்லாம் நான் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறேன், அவர் சமாதானம் பேசிக்கொண்டு வருகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். எங்களூரில் உம்மாவின் வீடும் என் வீடும் ஒன்றுதான், பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் வந்து சேருவார். எனவே அந்தக் கோபத்துக்குப் போக்கிடமும் இல்லை. மதகில் இருந்த ஒருவர், "என்ன தம்பி, ரோட்டுல காவலா?" என்று கேட்டேவிட்டார்.

மறுநாள் நான் நின்று திரும்பிச் சொன்னேன்: "இஞ்சருங்க, ஒண்டு நடங்க, இல்லாட்டி வீட்ட கிடங்க. இந்த ஊர்வலம் எனக்கு வேணாம்."

அவர் மோட்டார் சைக்கிளை வைத்துவிட்டு நடந்தார். ஒன்றரை மாதத்தில் அவருக்கு ஐந்து கிலோ குறைந்தது, எனக்கு மூன்று. அந்த மனிதரைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

வருடத்தின் மற்றப் பெருநாளான ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. இன்னும் கட்டில் விளிம்பைக்கூட நான் தாண்டியிருக்கவில்லை. திடலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கலாமா என்று யோசித்தேன். எதிர்வீட்டு ராத்தா வந்து கதவைத் தட்டினார். கக்கத்தில் ஒரு பலகை. கடைப் பெட்டியிலிருந்து கழற்றியது, ஆணி எல்லாம் பிடுங்கி அரத்தால் தேய்த்திருந்தார்.

"கதிரைக்குக் கீழ வெச்சா இறங்காது புள்ள" என்றார்.

அந்த அன்பு எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் போனேன், பலகை மேல் கதிரை வைத்துத் தொழுதேன், கதிரை இறங்கவில்லை. எல்லாரும் நிலத்தில் நெற்றி வைத்திருக்க, நான் மட்டும் மேலே இருந்து அத்தனை முதுகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பலகை அடுத்த பெருநாளைக்கு வரக்கூடாது என்று மனதுக்குள் அல்லாஹ்விடம் கேட்டேன்.

ராத்தாவுக்கும் எனக்கும் முறிந்தது அதற்குப் பிறகுதான். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டிலிருந்து இனிப்பான வட்டிலப்பம் வந்தது. ஒரு கரண்டி எடுத்தேன், மிச்சத்தை வீட்டுக்காரரும் உம்மாவும் சாப்பிட்டார்கள். பீங்கானைக் கழுவி, கொய்யாப்பழம் வெட்டி அடுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அனுப்பினேன். அரைமணித்தியாலத்தில் பீங்கானோடு ராத்தாவே வந்து நின்றார். கொய்யா அப்படியே இருந்தது.

"என்னகா இது? பழம் வெட்டிக் குடுக்கிறது வருத்தக்காரருக்கு. நான் என்ன வருத்தக்காரியா?"

உண்மைதான். எங்களூரில் பழத்தோடு போவது நோயாளியைப் பார்க்கத்தான். அது எனக்குத் தோன்றவே இல்லை. சமாளிக்க நூறு வார்த்தை இருந்தது. நான் சொன்னது இதுதான்:

"நீங்க இல்ல ராத்தா. நான்தான் வருத்தக்காரி."

அதுவரைக்கும் அந்தச் சொல்லை என்னைப் பற்றி நான் சொன்னதில்லை. குண்டு என்றிருக்கிறேன், உடம்புக்காரி என்றிருக்கிறேன், பகிடிக்கு யானை என்றும் சொல்லியிருக்கிறேன். வருத்தக்காரி என்று சொன்னபோது முதுகிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. ராத்தாவுக்கு அப்படி இருக்கவில்லை. "நல்லா இரிக்கிற மனிசி தனக்குத்தானே வருத்தம் கேக்கிறயா?" என்று திட்டிவிட்டு, கொய்யாவோடு பீங்கானை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பீங்கான் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. எதிர்வீடு, பத்தடி வீதி; கண்டால் சலாம் மட்டும்.

மழைக்காலம் இன்னும் மோசம். வீதியில் வெள்ளம், கடல் இரைச்சல், நடக்க வழியில்லை. கலியாணங்கள் வேறு. ஒரே பெரிய தட்டான சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடும்போது யார் எவ்வளவு தின்றார் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அன்பான பெண்கள் நல்ல இறைச்சித் துண்டை எப்போதும் பக்கத்தில் இருப்பவளின் பக்கம்தான் தள்ளுவார்கள். டிசம்பரில் இரண்டு கிலோ திரும்பி வந்தது. கிளினிக்குக்குப் போகாமல் ஒளிக்கலாம் என்று நினைத்தேன். பிறகு என் மேலேயே கோபம் வந்து, குடை பிடித்துக்கொண்டு போனேன். ஆறு மாதம் ஆகியிருந்தது. ஊசி எழுதட்டுமா என்று டொக்டர் கேட்டார்.

"வேணுமெண்டா கேப்பன். பெருநாள் வரைக்கும் பாக்கிறன்" என்றேன். ஊசி போடுகிறவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. என்னோடு கிளினிக்கில் இருந்த ஒரு பெண்ணுக்கு அதுதான் வழியாக இருந்தது, நன்றாக இருக்கிறார். எனக்கு என் கால்கள் எதுவரை போகும் என்று பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மழைநாளில் பாடசாலை விட்ட பிறகு மேல்மாடித் தாழ்வாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். சோற்றுக்கு முன் ஒரு கோப்பை கீரைச் சுண்டல், பிளேன்டீக்குச் சீனி இல்லை. முதல் மாதம் அந்தத் தேநீர் வாயில் வைக்க முடியவில்லை, பிறகு பழகிவிட்டது.

தை மாதத்தில் துருவலையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பினேன். அடுத்த நாளே எனக்குத் தலைக்கனம் வந்தது. வீட்டில் யாருமில்லாத ஒரு நடுப்பகல் லுஹர் நேரம். வீட்டுக்காரர் பள்ளிக்குத் தொழப் போயிருந்தார், உம்மா சாச்சி வீட்டில். குசினியில் நேரே நிலத்தில் இறங்கி உட்கார்ந்தேன். இறங்கியது பிரச்சினையில்லை. எழும்பத்தான் முடியவில்லை. போன் மேசையில் இருந்தது. கையெட்டும் தூரத்தில் வெங்காயக் கூடை மட்டும்தான். அழுது என்ன பயன் என்று வெங்காயம் உரித்தேன். அது கண்ணீருக்கும் சாட்டாக இருந்தது.

"ஆக்கள் இல்லையா?" என்று வாசலில் ஒரு குரல். எதிர்வீட்டு ராத்தா. எங்கள் கோழி தன் வளவில் முட்டையிட்டதாம், இரண்டு முட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். என்னைக் கண்டதும் முட்டையை அடுப்பங்கட்டில் வைத்துவிட்டு ஓடிவந்து அக்குளில் கைவைத்தார்.

"தூக்காதீங்க ராத்தா. அந்தக் கதிரைய மட்டும் எனக்கு முன்னால வைங்க."

வைத்தார். உடற்பயிற்சிப் பெண் சொன்னபடி இரண்டு கையையும் கதிரையில் ஊன்றி, ஒரு முழங்காலை நிலத்தில் வைத்து, மற்றப் பாதத்தை முன்னால் பதித்து உன்னினேன். வரவில்லை. திரும்ப உன்னினேன். ராத்தா தன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மூன்றாம் முறை எழும்பிவிட்டேன். 

"என்னத்துக்குப் புள்ள இந்தப் பாடு?" என்றார். கோபமெல்லாம் போயிருந்தது அவர் குரலில்.

"பெருநாளைக்கு மண்ணில சுஜூது செய்யோணும் ராத்தா. உங்கட பலகை இல்லாம."

அவர் என் முன்னால் நிலத்தில் உட்கார்ந்து மிச்ச வெங்காயத்தை உரித்துத் தந்துவிட்டுத்தான் போனார்.

நோன்பு வந்தது. மாத்திரையை எந்த நேரம் போடுவது என்று முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். முதல் நோன்பன்று சூரியன் மறையும் மஃரிபுக்குச் சற்று முன் எதிர்வீட்டிலிருந்து பீங்கான் வந்தது, மாதங்களுக்குப் பிறகு. துணியை நீக்கினால் மூன்று சமோசா மட்டும். வழக்கமாக எட்டு இருக்கும். ராத்தா வாசலில் நின்றபடியே சொன்னார்: "எண்ணித்தான் வெச்சிரிக்கன். ஆளுக்கு ஒண்டு." நான் அந்தப் பீங்கானில் பப்பாசி வெட்டி அனுப்பினேன். இந்த முறை அது திரும்பி வரவில்லை.

மற்ற வீட்டுப் பீங்கான்களும் வந்தன. எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு, ஒரு சின்னப் பீங்கானுக்குள் அடங்கும் அளவு. அடங்காததை மற்றவர்களுக்குத் தள்ளினேன். இருபத்தேழாம் நோன்பன்று மட்டும் மனம் கேட்காமல் இரண்டு ரோல்ஸ் கூடப் போய்விட்டது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். பெருநாளுக்கு முதல்நாள் பாமசித் தராசில் ஏறினேன். தொண்ணூற்றாறு. நோன்பு தொடங்கும்போதும் தொண்ணூற்றாறுதான். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நோன்பு மாதத்தில் நிறை ஏறவில்லை. பாமசிக்காரரிடம் தராசு சரிதானே என்று கேட்டேன். அவர் இந்தமுறை ஏறிப் பார்க்கவில்லை, சிரித்தார்.

தொண்ணூற்றாறு கிலோ என்பது மெலிந்த பெண்ணின் நிறை அல்ல. பார்ப்பவர்கள் இப்போதும் என்னைக் குண்டு டீச்சர் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும்.

பெருநாள் காலை. அதே திடல், அதே நீலப் படங்கு. கதிரை கொண்டுவரவில்லை. வீட்டுக்காரர் "எதுக்கும் ஒண்டக் கொண்டு போவமே" என்றபோது நான் பார்த்த பார்வையில் எடுத்த கதிரையைத் திரும்ப வைத்துவிட்டார். ராத்தா வந்தார். கக்கத்தில் அந்தப் பலகை.

"நான் சொன்னனே ராத்தா!"

"சும்மா கொண்டு வந்தன், புள்ள. கோவிக்காதீங்க."

பலகையைப் பாயின் ஓரத்தில் மணலில் போட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் நின்றார். அல்லாஹு அக்பர் என்று கை உயர்த்தித் தக்பீர் கட்டினோம். ஓதல் முடிந்தது, இடுப்பை வளைத்துக் குனியும் ருகூஃ முடிந்தது. சுஜூதுக்கான தக்பீர் கேட்டது. கையை முதலில் ஊன்றினேன், பிறகு முழங்கால். வலித்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று பாயின் விளிம்பை மடித்துவிட்டது. என் நெற்றி பாயில் படவில்லை, நேரே மணலில் பட்டது. குளிர்ந்த, ஈரமான, மணியான மணல்.

நாலு வருடம். இறைவா, நாலு வருடம் கழித்து.

எழும்புவதுதான் பயமாக இருந்தது. ஆனால் பெருநாள் தொழுகையில் இரண்டாம் ரக்அத் தொடங்கும்போது ஓதலுக்கு முன் மேலதிகமாக ஐந்து தக்பீர் உண்டு. மற்றவர்கள் நிமிர்ந்து முதல் தக்பீருக்குக் கை உயர்த்தும்போது நான் இன்னும் ஒரு முழங்காலில் இருந்தேன். இரண்டாவதுக்கு ஒரு பாதத்தை முன்னால் பதித்தேன். மூன்றாவதுக்கு உன்னினேன். எந்தக் கதிரையும் முன்னால் இல்லை. என் தொடையையே ஊன்றினேன். நாலாவதுக்குத் தள்ளாடினேன், பக்கத்தில் ராத்தாவின் உடம்பு விறைத்தது தெரிந்தது. அவர் கை நீட்டவில்லை. நீட்டாமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் அறிவேன். ஐந்தாவது தக்பீருக்கு என் இரண்டு கைகளும் மற்றவர்களின் கைகளோடு சேர்ந்து உயர்ந்தன.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் ராத்தா என் பக்கம் திரும்பினார். அழுதிருந்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றி, என் நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் துடைக்கக் கையைக் கொண்டுவந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"துடைக்காதீங்க ராத்தா. வீடு வரைக்கும் இரிக்கட்டும்."